தள்ளிய தட்டு

"ஐயா சாப்பிட மாட்டேங்கிறாக டீச்சர்."

மாடி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் இருளப்பன் இதைச் சொல்லிவிட்டார். அப்புறம்தான் செருப்பைக் கழற்றினார்.

ஜெபக்கனி டீச்சர் கட்டிலுக்கு விரிப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

அருப்புக்கோட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் இருந்தது அந்த மாடி. மறதி நோய் வந்த பெரியவர்களை அவர்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் பழக்குகிற இடம். ஒரு கட்டில், ஒரு சக்கர நாற்காலி, ஆள் உயரத்துக்கு ஒரு துணிப் பொம்மை. பழகுகிறவர்கள் பன்னிரண்டு பேர், இருளப்பனையும் சேர்த்து.

டீச்சருக்கு வயசு முப்பத்தொன்று. இருளப்பனுக்கு ஐம்பத்துமூன்று.

இதற்கு முன்னால் இருளப்பனுக்கு மில்லில் துணி செக்கிங் வேலை. இருபத்திரண்டு வருஷம். ஓடுகிற துணியில் அறுந்த நூல், விட்டுப்போன இழை, எண்ணெய்க் கறை, எது கண்ணில் பட்டாலும் சாக்பீஸால் ஒரு கோடு. அந்தச் சாக்பீஸ் இன்னமும் சட்டைப் பையில் கிடந்தது. என்னவோ, பழக்கம்.

"எந்த ஐயா?" என்றார் டீச்சர்.

"தனுஷ்கோடி ஐயாதான். போன வாரம் நீங்க அனுப்பிவிட்டீங்களே, அந்த வீடு. நாலு நாளாச்சு. கஞ்சித் தண்ணி ரெண்டு மடக்கு, அதோட சரி. தட்டை வச்சா தள்ளி விட்டுர்றாக."

"ம்."

"டாக்டர் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சாப்பிடலைன்னா திங்கக்கிழமை மூக்கு வழியா டியூப்பு. ஐயா பிடுங்கிப் போட்டுருவாகன்னு ரெண்டு கையையும் கட்டிலோட சேர்த்துக் கட்டணுமாம். மக தமயந்தி அதைக் கேட்டதுலேருந்து அடுப்படியிலயே நிக்குது. அழுதா சத்தமாவது வரும். சத்தமும் வரல."

டீச்சர் விரிப்பின் மூலையை மடித்துச் செருகினார்.

"இன்னிக்கு என்ன கிழமைண்ணே?"

"வியாழன்."

"நோட்டைக் குடுங்க."

இருளப்பன் கையெழுத்து மணிமணியாக இருக்கும். காலை எட்டரை, இட்லி இரண்டு, உணவைத் தள்ளிவிட்டார். மதியம் ஒன்று பத்து, சோறு, பருப்பு, ரசம், உணவைத் தள்ளிவிட்டார். நாலு நாளும் அதே வரி.

டீச்சர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"தள்ளி விட்டாரா, தள்ளி வச்சாரா?"

"என்ன டீச்சர்?"

"நான் கேட்டது விளங்கலையா?"

"விளங்குது. ரெண்டும் ஒண்ணுதானே. தட்டு அவுக முன்னாடி இல்ல."

"மில்லுல நூல் அறுந்ததும் நூல் விட்டுப்போனதும் ஒண்ணா?"

இருளப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எப்படி ஒண்ணாகும்? அறுந்துச்சுன்னா தறி தப்பு. விட்டுப்போச்சுன்னா ஆள் தப்பு."

டீச்சர் நோட்டை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு, தலையணைக்கு உறை மாட்டப் போய்விட்டார்.

*

வெள்ளிக்கிழமை மதியம்.

தனுஷ்கோடி ஐயாவுக்கு எழுபத்தெட்டு. நடை நல்ல நடை. நாற்காலியில் மட்டும் உட்கார மாட்டார். ஹாலில் சுவரோரமாகப் பாய் விரித்தால் சம்மணம் போட்டு உட்காருவார்.

இருளப்பன் தட்டை வைத்துவிட்டு எதிரில் நின்றார்.

ஐயா சோற்றைப் பார்த்தார். பருப்பைப் பார்த்தார். தட்டின் விளிம்பை வலது கையால் பிடித்து இடது பக்கம் நகர்த்தினார். ஒரு பருக்கை சிந்தவில்லை. ஓர் ஆள் உட்காருகிற இடத்துக்கு நகர்ந்து தட்டு நின்றது.

"அங்க," என்றார் ஐயா.

"அங்க யாரும் இல்லையேய்யா."

"கோடியைப் பாருப்பா. கோடியில ஆளு காத்துக் கெடக்கு."

"கோடியில டிவிதான்யா இருக்கு."

ஐயா எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரமாகவே நடந்தார். ரெண்டடிக்கு ஒருதரம் நின்று குனிந்து பார்த்தார். டிவி வரைக்கும் போய்த் திரும்பினார்.

இருளப்பன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். ஐயா மறுபடியும் எழுந்தார்.

"நடக்கிறதெல்லாம் சாப்பிட்டு முடிச்சதுக்கு அப்புறம்யா."

ஐயா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?"

"ரெண்டும் இல்லய்யா. என் பேரு இருளப்பன். உங்களைப் பாத்துக்க வந்திருக்கேன்."

"என்னையவா? என்னைய எதுக்குப் பாக்குற? பந்தியப் பாரு."

"இங்க எதுய்யா பந்தி? இது உங்க வீடு."

அடுப்படியிலிருந்து தமயந்தி வந்தாள். ஒரு உருண்டை பிசைந்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "அப்பா, ஒரே ஒரு வாய்ப்பா."

ஐயா மரியாதையாகத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"யாரும்மா நீ?"

இருளப்பன்தான் பதில் சொன்னார். "உங்க மகய்யா. தமயந்தி."

"எம்மக பள்ளிக்கூடம் போயிருக்கா. மூணாப்பு."

"இல்லய்யா, இதுதான் உங்க மக. நல்லாப் பாருங்க. நாப்பத்தஞ்சு வயசாகுது."

ஐயா நல்லாப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் பயம் வந்தது. தமயந்தி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

*

சாயங்காலம் மாடியில் துணிப் பொம்மையை ஒருக்களித்துப் படுக்க வைக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"தள்ளி வச்சாக டீச்சர்," என்றார் இருளப்பன். "ஒரு பருக்கை சிந்தல."

"யாருக்கு வச்சாரு?"

"யாருக்கா? அங்க யாரும் இல்ல."

"நீங்க இருந்தீங்களே."

"நான் எதிர்ல நின்னேன்."

"நின்னீங்களா?"

"நிக்காம? ஊட்டணும்ல."

டீச்சர் பொம்மையின் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணையைத் தள்ளினார்.

"இன்னிக்கு எத்தனை கோடு போட்டீங்கண்ணே?"

இருளப்பன் யோசித்து விரல் விட்டார். "கோடியில ஆள் இருக்குன்னாக. இல்லன்னேன், ஒண்ணு. என்னைய மாப்பிள்ளை வீடான்னாக, ரெண்டு. வீட்டுக்குள்ள பந்தி நடக்குதுன்னாக, மூணு. பெத்த மகளைப் பாத்து யாருன்னாக, நாலு. நாப்பத்தஞ்சு வயசுப் பொம்பளைய மூணாப்புன்னாக. அஞ்சு."

"அஞ்சு."

"பின்ன என்ன டீச்சர்? நான் பொய் சொல்லணுமா?"

"நான் எதையும் சொல்லச் சொல்லலையே."

டீச்சர் கையை நீட்டினார். "சட்டைப் பையில இருக்கிறதைக் குடுங்க."

"எதை? சாக்பீஸையா? அது பாட்டுக்குச் சும்மா கெடக்கு."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கொடுத்தார். டீச்சர் அதை ஜன்னல் திட்டில் வைத்தார்.

"திங்கக்கிழமை வந்து வாங்கிக்கங்க."

பொம்மையின் தலைப்பக்கம் நின்ற செல்வராணி அடக்க முடியாமல் சொன்னாள். "சாக்பீஸ் போச்சாண்ணே? இனி வீட்டுல மதினிக்கு நிம்மதி."

எல்லாரும் சிரித்தார்கள். இருளப்பனும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

*

சனிக்கிழமை அவர் எதற்குமே இல்லை என்று சொல்லவில்லை.

ஐயா தட்டை நகர்த்தினார். "அங்க," என்றார். இருளப்பன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். ஐயா எழுந்து நடந்தார். இருளப்பன் தடுக்காமல் விட்டுவிட்டார். ஐயா திரும்பி வந்து உட்கார்ந்தார். தட்டு பக்கத்திலேயே ஆறிப்போனது.

இருளப்பன் அடுப்படிக்குப் போனார்.

"ஏம்மா, ஐயா யாருக்காவது சாப்பாடு எடுத்து வைப்பாகளா?"

"யாரு, அப்பாவா?" தமயந்தி முகத்தில் இத்தனை நாளுக்கு அப்புறம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "வீட்ல ஒரு செம்புத் தண்ணி மோந்து குடிக்க மாட்டாகண்ணே. ஆனா தெருவுல ஒரு கல்யாணம்னா அப்பாதான் பந்தி விசாரிப்பு. தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு வரிசை வரிசையா நடப்பாக. கோடி எலையில ரசம் வரலைன்னாலும் கண்டுபிடிச்சிருவாக."

"சாப்பாடு?"

"எல்லாரும் எந்திரிச்ச பிறகு, சமையல் ஆளுக கூடக் கடைசிப் பந்தியில. அது வரைக்கும் பச்சத் தண்ணிதான். எங்கம்மா திட்டிக்கிட்டே கெடக்கும். ஊரு சனம் சாப்பிட்டா உங்களுக்கு வயிறு நெறஞ்சிருமான்னு."

ஐயாவைப் பற்றி வீட்டில் எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தை இருளப்பன் எடுத்துப் பார்த்தார். தொழில் என்கிற இடத்தில் பாத்திர வியாபாரம் என்று எழுதியிருந்தது. அதை நம்பி முந்தின நாள் அவர் ஒரு பித்தளைக் குத்துப்போணிப் பாத்திரத்தை ஐயா கையில் கொடுத்துப் பார்த்தார். ஐயா அதைச் சுண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதை ஏம்மா எழுதல?"

"அது தொழில் இல்லையேண்ணே. சும்மா செய்றதுதானே."

அவள் சோற்றுப் பானையை மூடினாள். "முன்னாடி நானும் அவுகளும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். நீங்க வந்த பிறகுதான் எனக்கு ஆபீஸ் போக முடிஞ்சுது. சாப்பாட்டுக்குத்தான் ஆள் வந்தாச்சேன்னு போனேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அது இருளப்பனுக்குக் குத்தியது.

"இப்ப நீ சாப்பிட்டியாம்மா?"

"எங்கண்ணே இறங்குது. திங்கக்கிழமை பத்து மணிக்கு வண்டி சொல்லியிருக்கேன்."

சாயங்காலம் மாடிக்கு ஓடினார். பந்தி விசாரிப்புக் கதையைப் படியிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார்.

டீச்சர் கேட்டுக்கொண்டார். பிறகு செல்வராணியைக் கூப்பிட்டார். "கீழ போய் ஒரு டீ வாங்கிட்டு வா. ஒண்ணே ஒண்ணு."

டீ வந்தது. டீச்சர் அதை இருளப்பன் கையில் கொடுத்தார். மற்ற பதினோரு பேரையும் அவரைச் சுற்றி நிற்கச் சொன்னார்.

"குடிங்கண்ணே."

இருளப்பன் கிளாஸைப் பார்த்தார். சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தார்.

"இவங்களுக்கு?"

"நீங்க குடிங்க."

உதடு வரைக்கும் கொண்டுபோனார். இறக்கினார். செல்வராணி பக்கம் நகர்த்தினார். "நீ குடி தாயி. நீதான படி ஏறி இறங்கினவ."

"எனக்கு எதுக்குண்ணே? நீங்க குடிங்க."

"அட, குடிங்கிறேன்ல."

டீச்சர் அந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சரி, நேரமாச்சு, கிளம்புங்க," என்றார்.

இருளப்பனுக்குக் கோபம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் முணுமுணுத்தார். ஒரு மனுசன் கையக் கட்டப் போறாக, இங்க டீ விளையாட்டு.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி.

பந்திதானே வேணும் என்று வாழையிலை நாலு வாங்கி வந்திருந்தார். தட்டுக்குப் பதிலாக இலை போட்டார். சோறு, சாம்பார், கூட்டு, அப்பளம். ஐயா முகம் மலர்ந்தது. இலையின் ரெண்டு ஓரத்தையும் கவனமாகப் பிடித்தார். இடது பக்கம் நகர்த்தினார்.

"அங்க."

இருளப்பன் வாசலுக்கு வந்து போனில் டீச்சரைக் கூப்பிட்டார்.

"இலையும் போட்டுப் பாத்துட்டேன் டீச்சர். அதையும் தள்ளி வச்சிட்டாக. நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி. நான் இனி என்ன செய்ய?"

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"நானா? நான் எப்படி டீச்சர்... ஐயா சாப்பிட்ட பிறகுதான். டப்பா பின்கட்டுல இருக்கு."

"அப்ப எதுக்கு எங்கிட்டப் பேசிக்கிட்டு நிக்கிறீங்க?"

போன் வைத்தாகிவிட்டது.

இருளப்பன் போனைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். சுவரோரம் ஐயா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆளில்லாத இலை. சோற்றில் ஆவி இன்னும் அடங்கவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

ஐயா திரும்பினார். ஒன்பது நாளில் அன்றைக்குத்தான் அவர் இருளப்பனை முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"இப்பத்தான் வந்தியா?"

"ஆமாய்யா."

"வெயில்ல வந்திருப்ப. சாப்பிடு, சாப்பிடு."

ஐயா எழுந்துவிட்டார். துண்டு தோளுக்குப் போனது. சாம்பார் வாளியைத் தானே தூக்கினார். கரண்டி அவர் கையில் ஆடவில்லை. இருளப்பன் சாப்பிட்டார். பசிதான். காலையிலிருந்து பசி.

"ரசம்?"

"கொஞ்சமாய்யா."

"கொஞ்சம் என்ன கொஞ்சம்? சோத்துல குழி பண்ணு."

குழி பண்ணினார். ரசம் விழுந்தது. ஐயா சுவரோரம் ஒரு நடை போய் வந்தார். மோர் ஊற்றினார். இருளப்பன் இலையை மடித்தார். உள்பக்கமாகத்தான் மடித்தார். ஐயா அதைக் கவனித்துவிட்டுத் தலையாட்டினார்.

"கோடி வரைக்கும் ஆச்சா?"

இருளப்பன் டிவி இருந்த மூலையை ஒருதரம் பார்த்தார்.

"ஆச்சுங்கய்யா. கடைசிப் பந்திதான் பாக்கி."

ஐயா துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"அப்ப நமக்கும் ஒரு எலையப் போடு."

யாரும் தோளைப் பிடிக்கவில்லை. தானாகவே உட்கார்ந்தார்.

இருளப்பன் இலையைப் போட்டார்.

"நுனி இடது பக்கம் வரணும்ப்பா. எத்தனை கல்யாணத்துல பரிமாறியிருக்க?"

"இதுதான்யா முதக் கல்யாணம்."

"பாத்தாலே தெரியுது."

இலையைத் திருப்பிப் போட்டார். உப்பு வைத்தார். சோறு வைத்தார். ஐயா சாம்பாரை ஊற்றிப் பிசைந்தார். ஒரு கவளம் எடுத்தார். கை நெஞ்சு வரைக்கும் வந்தது.

நின்றுவிட்டது.

ஐயா அடுப்படி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தமயந்தி நின்றிருந்தாள்.

"அது யாருப்பா?"

இருளப்பன் வாய் திறந்தது. கை சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது.

வாயை மூடிக்கொண்டார். குனிந்து, ஐயாவுக்குப் பக்கத்தில் இன்னோர் இலை போட்டார். நுனி இடது பக்கம்.

ஐயா அந்த இலையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"ஏம்மா, நின்னுக்கிட்டே இருக்கியே. சாப்பிட்டியா?"

"இல்ல," என்றாள் தமயந்தி.

"நீ மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?"

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். இருளப்பன் அவளைப் பார்க்கவில்லை. புதிதாகப் போட்ட இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு வீடு," என்றாள்.

"அப்படிச் சொல்லு. பொண்ணு வீட்டுக்காரவுக கடைசியிலதான் சாப்பிடணும். வா தாயி, எங்கூட உக்காரு."

அவள் வந்து உட்கார்ந்தாள்.

ஐயாவின் கவளம் இன்னும் நெஞ்சுக்கு நேராகவே நின்றது. அவள் பிசைகிற வரைக்கும் நின்றது. அவள் ஒரு வாய் எடுத்து, மென்று, விழுங்கினாள்.

அப்புறம்தான் அந்தக் கை மேலே போனது.